கொள்கை வரைவுகளுக்கு நாம் எழுதி அனுப்பும் கருத்துகளுக்கு எடை உண்டா?

நெடுவழி (கேள்வி)

எரிசக்தி, சுற்றுச்சூழல் தொடர்பான கொள்கை வரைவுகள் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்படும்போதெல்லாம் அவற்றைப் படித்து, என்னால் இயன்ற அளவில் கருத்து எழுதி அனுப்பி வருகிறேன். பெற்றுக்கொண்டோம் என்று தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வருவதோடு சரி; இறுதி ஆவணம் வெளிவரும்போது, வரைவுக்கும் அதற்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு எதுவும் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. அண்மையில் ஓர் அமைப்பு ஆயத்தக் கடிதம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டு, பெயரை மட்டும் மாற்றி அனுப்பும்படி கேட்டுக்கொண்டது. ஆயிரக்கணக்கில் குவிந்தால்தான் அரசு அசையும் என்பது அவர்கள் கருத்து. ஒரே கடிதம் ஆயிரம் முறை வந்தாலும் அது ஒரே கடிதமாகத்தான் கொள்ளப்படும் என்கிறார் நண்பர் ஒருவர்.

இரண்டில் எது சரி? முடிவை முன்பே எடுத்துவிட்டுச் சட்டத்தின் கட்டாயத்துக்காக நடத்தப்படும் சடங்கையும், உண்மையாகவே கருத்தறிய நடத்தப்படும் கேட்பையும் தொடக்கத்திலேயே பிரித்தறிய வழி உண்டா? குடிமக்களின் கடமை என்ற வகையிலான பொது அறிவுரைகள் வேண்டாம். இதன் உட்புறம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுகரை

ஒழுங்குமுறை அமைப்பொன்றுக்கு வந்து சேரும் கருத்துகளை வகைப்படுத்திச் சுருக்கும் பணியில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நண்பர் சொல்வது ஏறக்குறையச் சரி. வருகின்ற கடிதங்களை நாங்கள் ஆள்வாரியாகப் பிரிப்பதில்லை, பொருள்வாரியாகவே பிரிப்போம். ஒரே வாசகம் கொண்டவை ஒரு கட்டாகக் கட்டப்பட்டு, இத்தனை பேர் அனுப்பினர் என்ற எண் மட்டும் ஓரத்தில் குறிக்கப்படும். அந்தக் கட்டு எழுப்பும் கேள்விக்கு ஒரு பதில் எழுதப்படும். இரண்டே பேர் எழுப்பிய இன்னொரு கேள்விக்கும் அதே போல ஒரு பதில்தான். ஆகவே பதில் எழுதுபவரின் மேசையில் எண்ணிக்கைக்கு இருக்கும் மதிப்பு, வெளியில் இருப்பவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே திருப்பி வைக்கும் கோடைக்கால நேர மாற்றத்தைத் தொடர்வதா என்று ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடத்திய கருத்துக் கேட்புக்கு ஏறத்தாழ 46 லட்சம் பதில்கள் வந்தன. அவற்றில் 84 விழுக்காடு அதை நிறுத்தச் சொன்னது. ஆனால் ஏறத்தாழ 30 லட்சம் பதில்கள் ஜெர்மனி என்ற ஒரே நாட்டிலிருந்து வந்தவை. ஆணையம் முன்மொழிவு வைத்தது, 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆதரித்து வாக்களித்தது. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் உடன்படாததால் ஆண்டுகள் பல கடந்தும் கடிகாரங்களைத் திருப்புவது நிற்கவில்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஆணை. ஒரு மாநிலத்து ஆலைகளின் புகை அடுத்த மாநிலத்தின் காற்றைக் கெடுப்பதைத் தடுக்க, அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 23 மாநிலங்களை உள்ளடக்கிய திட்டமொன்றை இறுதி செய்திருந்தது. வரைவு நிலையில், சில மாநிலங்கள் இத்திட்டத்திலிருந்து விலகிப்போனால் செலவுக் கணக்கு அப்போதும் பொருந்துமா என்ற பொருள்படக் கருத்துகள் வந்திருந்தன. அதற்கு முகமை போதிய விளக்கம் தரவில்லை என்ற அடிப்படையில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் திட்டத்தின் செயலாக்கத்தை நிறுத்தி வைத்தது. அந்தக் கருத்துகள் போதிய தெளிவுடன் எழுதப்படவே இல்லை என்று சிறுபான்மை நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பு வாதிட்டது. வென்றவர்கள் தூய காற்றுக்காக வாதாடியவர்கள் அல்லர், திட்டத்தை எதிர்த்த மாநிலங்களும் தொழில் நிறுவனங்களுமே. இந்தக் கருவி எல்லாத் தரப்பினருக்கும் வேலை செய்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்களை அமர்த்திக்கொள்ளும் வசதி படைத்தவர்களாக இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எனவே, "இத்திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்று எழுதினால், "கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரியோடு அதிகாரி அடுத்த தாளுக்குப் போய்விடுவார். இன்ன பக்கத்தில் இன்ன அனுமானம் செய்யப்பட்டுள்ளது, அதற்கு ஆதாரம் தரப்படவில்லை, அதை மாற்றினால் முடிவு இவ்வாறு மாறுகிறது என்று எழுதினால் அவர் உட்கார்ந்து பதில் தேடியாக வேண்டும். மின்துறை ஆவணங்களில் நான் முதலில் பார்ப்பது எதிர்காலத் தேவைக் கணிப்பையும் தள்ளுபடி வீதத்தையும். பின்னது, எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடப் பயன்படும் ஆண்டு விழுக்காடு; பலர் கண்ணில் படாமல் தப்பிவிடும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஏற்படும் 100 என்ற செலவு, 3 விழுக்காட்டு வீதத்தில் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 23 ஆகும். 7 விழுக்காட்டில் மூன்றரைக்கும் குறைவு. அணு உலையைப் பிரித்தெடுப்பது, சுரங்கத்தை மூடிச் சீரமைப்பது போன்ற தொலைதூரச் செலவுகள் பட்டியலில் இருந்தும் இல்லாததாகிவிடுவது இந்த ஓர் எண்ணால்தான். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்றால், ஆய்வு எந்தப் பருவத்தில் செய்யப்பட்டது என்று பாருங்கள். வறண்ட காலத்தில் மட்டும் அளவெடுத்துவிட்டு நீர்நிலைகளுக்குப் பாதிப்பில்லை என்று எழுதியிருந்தால், அந்த ஓர் இடத்தைச் சுட்டினாலே போதும்.

சட்டவாசல்

நண்பர் மறுகரை கூறியவற்றோடு உடன்படுகிறேன். சடங்கைப் பிரித்தறிவது பற்றிய கேள்விக்கு மட்டும் நான் விடையளிக்கிறேன்.

இங்கிலாந்தில் 1985இல், பள்ளிகளை மூடுவது பற்றிய வழக்கொன்றில் முன்வைக்கப்பட்ட நான்கு அளவுகோல்கள் இன்றும் அந்நாட்டு நீதிமன்றங்களில் ஆளப்படுகின்றன. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கருத்துக் கேட்க வேண்டும். அறிவார்ந்த பதில் எழுதப் போதுமான காரணங்களையும் தகவல்களையும் தர வேண்டும். போதிய கால அவகாசம் வேண்டும். வந்த கருத்துகளை மனச்சான்றோடு கணக்கில் கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் விவகாரங்களுக்கென்றே 1998இல் உருவான ஆர்ஹூஸ் உடன்படிக்கையும், எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்கள் பங்கேற்பு அமைய வேண்டும் என்று ஆறாம் உறுப்பில் வலியுறுத்துகிறது.

இந்த அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆவணத்தைப் படித்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே நிலைமை புலப்பட்டுவிடும். மாற்று வழிகள் பேசப்பட்டிருக்கின்றனவா, அல்லது ஒரே வழியை வைத்துக்கொண்டு அதை எவ்வளவு விரைவாகச் செய்யலாம் என்று மட்டும் கேட்கிறார்களா? நிலம் கையகப்படுத்தப்பட்டு, ஒப்பந்தப்புள்ளிகளும் கோரப்பட்டுவிட்டனவா? முடிவுக்கு ஆதாரமான ஆய்வு அறிக்கை இணைப்பில் உள்ளதா, "பின்னர் வெளியிடப்படும்" என்று இருக்கிறதா? கேள்வித்தாள் என்று ஒன்று இருந்தால், அதில் "வேண்டாம்" என்று சொல்வதற்கு ஓரிடம் இருக்கிறதா? கால அவகாசத்தை இவற்றுக்குப் பின்னர்தான் பார்ப்பேன். சுவிட்சர்லாந்தில் பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம் தரப்படுகிறது. நீண்ட அவகாசம் நல்லதுதான் என்றாலும், முடிந்துபோன முடிவுக்கு ஓராண்டு அவகாசம் தந்தாலும் பயனில்லை.

தகவல் மறைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் அணுமின் கொள்கை வழக்கு நல்ல பாடம். புதிய அணுமின் நிலையங்கள் பற்றி முடிவெடுக்கும் முன் மிக விரிவான கருத்துக் கேட்பு நடத்தப்படும் என்று அந்த அரசு 2003இல் வாக்களித்திருந்தது. 2006இல் நடந்த கேட்பிலோ அணுக்கழிவு பற்றியும் பொருளாதாரம் பற்றியும் மக்களுக்கு உருப்படியான தகவல் தரப்படவில்லை. கிரீன்பீஸ் அமைப்பு தொடுத்த வழக்கில், 2007 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த நடைமுறை நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. அதோடு கதை முடியவில்லை. அரசு அதே ஆண்டில் முறைப்படி மீண்டும் கருத்துக் கேட்டது. 2008 ஜனவரியில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் புதிய அணுமின் நிலையங்களுக்கு ஆதரவான அதே முடிவைத்தான் அறிவித்தது. நடைமுறைக் குறைபாட்டைச் சுட்டி வெல்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காலமும், முன்னர் மறைந்திருந்த ஆவணங்களுமே. சில நேரங்களில் அதுவே பெரிது. எப்போதும் அப்படி என்று சொல்லிவிட முடியாது.

ஊர்க்குருவி

மேலே எழுதிய இருவரும் அறிந்தவர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் இருவருடைய பதிலும், நானூறு பக்க ஆவணத்தைத் தரவிறக்கி, தள்ளுபடி வீதத்தைக் கண்டுபிடித்து, பக்க எண்ணோடு பதில் எழுதக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. ஆலைக் கழிவு கலக்கும் ஆற்றில் மீன் பிடிப்பவருக்கு, எந்த மாதத்தில் எந்த மீன் குறைந்தது என்று தெரியும்; அது அறிக்கை எழுதிய ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரியாது. அவர் சொல்வதைக் கண்ணீர்க் கதையாகக் கேட்டுவிட்டு, அறிக்கையிலுள்ள அட்டவணையைச் சான்றாகக் கொள்ளும் பழக்கம்தான் கருத்துக் கேட்பின் முதல் நோய் என்று நான் கருதுகிறேன்.

மொழியும் அதே நோயின் இன்னொரு முகம். இந்தியாவில் 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தபோது, அதை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி, கருத்துக்கான கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது டெல்லி உயர் நீதிமன்றம். ஒரு வழக்குப் போட்டுத்தான் அதைப் பெற வேண்டியிருந்தது. லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான 2018ஆம் ஆண்டின் எஸ்காசு ஒப்பந்தம், நேரடியாகப் பாதிக்கப்படும் மக்கள் அலுவல் மொழியல்லாத வேறு மொழி பேசுபவர்களாக இருந்தால் அவர்கள் புரிந்துகொண்டு பங்கேற்க அரசே வழிசெய்ய வேண்டும் என்கிறது. எல்லா இடத்திலும் இதுவே விதியாக இருக்க வேண்டும்.

கேட்பதும் இசைவு பெறுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கருத்துக் கேட்பில் ஊரே எதிர்த்தாலும், பதில் எழுதிவிட்டு அரசு தன் வழியில் போகலாம். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் பற்றிய வழக்கில், வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கிராம சபைகள் தங்கள் உரிமைகளை ஆராய்ந்து கூற வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கூட்டப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. அதன்பின் 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. அங்கே யாரும் தள்ளுபடி வீதத்தைப் பற்றிப் பேசவில்லை.

எண்ணிக்கை பயனற்றது என்பதையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. அதிகாரியின் மேசையில் அது பயனற்றதாக இருக்கலாம். அமைச்சரின் மேசையில் அப்படியில்லை.

நெடுவழி

மூவருக்கும் நன்றி. நண்பர் ஊர்க்குருவி சொன்ன அமைச்சரின் மேசை என்ற கருத்து என்னை மீண்டும் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. அப்படியானால் அந்த ஆயத்தக் கடிதத்தை அனுப்புவதா, வேண்டாமா?

மறுகரை

அனுப்புங்கள், ஆனால் அதன் முதல் பத்தியை நீக்கிவிட்டு, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு செய்தியை அந்த இடத்தில் எழுதி அனுப்புங்கள். எங்கள் மென்பொருள் ஒரே மாதிரியான கடிதங்களைக் கட்டும்போது, மாறுபட்ட பத்தியுள்ளதைத் தனியே எடுத்து வைக்கும். ஒருவர் அதை முழுமையாகப் படிப்பார். நண்பர் ஊர்க்குருவி குறிப்பிட்ட மீனவரின் செய்தியும், எந்த மாதம், எந்த இடம், எத்தனை ஆண்டுகளாக என்ற விவரங்களோடு எழுதப்பட்டால் அட்டவணையை எதிர்த்து நிற்கும். அவருக்காக அதை எழுதிக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் குறை. எண்ணிக்கையை மட்டும் நம்பியிருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகள் பற்றி அமெரிக்காவில் 2017இல் வந்த ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் கருத்துகளில், ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் 2021இல் கண்டறிந்தது. இருதரப்புக்கும் ஆதரவான போலிகள் அதில் இருந்தன. அதன் பிறகு மொத்தமாக வந்து விழும் கடிதங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது எளிதாகிவிட்டது.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வரைவில் உங்களுக்குப் பிடித்த பிரிவு இருந்தால் அதை ஆதரித்தும் காரணத்தோடு எழுதுங்கள். மாசு வரம்பைக் கடுமையாக்கும் ஒரு பிரிவை எதிர்த்துத் தொழில்துறையிலிருந்து கட்டுக்கட்டாகப் பதில் வரும். ஆதரிப்பவர்களோ அது நல்ல பிரிவுதானே என்று விட்டுவிட்டு, குறைகளைப் பற்றி மட்டும் எழுதியிருப்பார்கள். கோப்பில் அந்தப் பிரிவுக்கு ஆதரவாக ஒரு தாள்கூட இல்லாத நிலையில், அதைக் காப்பாற்ற விரும்பும் அதிகாரிக்குச் சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது.