லாரில கழட்டுன கம்பெனி சக்கர டிஸ்க்கு 13 கிடக்குது, கிலோவுக்கு போடறதா பீஸா விக்கறதா?

டாரஸ்_தம்பி:
வணக்கம்ங்க எல்லாத்துக்கும். என்ற வண்டி 2019 மாடல் பன்னெண்டு சக்கரம், புதுசா எடுத்தது. போன மாசம் ட்யூப் டயர எல்லாம் கழட்டிட்டு ட்யூப்லெஸ்ஸுக்கு மாறிட்டேன், ஸ்டெப்னியோட சேத்து 13 டிஸ்க்கும் 22.5 இன்ச் புதுசு. இப்ப பழைய 20 இன்ச் கம்பெனி டிஸ்க்கு 13ம், டயர டிஸ்க்குல புடிச்சு நிறுத்தற சைடு ரிங்கு லாக் ரிங்கோட வீட்டு வேப்பமரத்தடில அடுக்கி கிடக்குது. எங்கம்மாவுக்கு சந்தோசம், கோழி அடைய எடமாச்சுன்னு.

பழைய இரும்புக்காரர் வந்து பாத்துட்டு கிலோ 31ன்னாரு. எடை மேடைல ஏத்துனா மொத்தம் 600 கிலோ, அப்ப 18,600 வருது. அடுத்த நாள் ஒரு புரோக்கரு வந்தாரு, பீஸ் 2,400 தர்றேன் ஆனா பொறுக்கி 8 தான் எடுப்பேன், மிச்சம் 5 வேண்டாம்னுட்டாரு. 8க்கு 19,200, அந்த 5 டிஸ்க்க கிலோவுக்கு போட்டா இன்னொரு 7,100. ஏழாயிரத்து சொச்சம் வித்தியாசம் வருது. இதுல எது சரி, இல்ல ரெண்டு பேருமே என்ற தலைல மொளகா அரைக்கறாங்களா? வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

பஞ்சர்மாமா:
தம்பி பேசாம கிலோவுக்கு போட்டுட்டு வேலைய பாரு. டயர் கடைல 35 வருசம் ஓட்டிட்டேன், பழைய 20 இன்ச் டிஸ்க்க பீஸா வித்தவன் எவனும் ராத்திரி நிம்மதியா தூங்கிருக்க மாட்டான். அந்த லாக் ரிங்கு உக்கார்ற காடி இருக்கு பாரு, அதுல துரு திங்க ஆரம்பிச்சா வெளிய இருந்து ஒண்ணுமே தெரியாது, சில்வர் பெயிண்ட் அடிச்சா புதுசாட்டம் மின்னும். காத்து நூறு பவுண்டு தாண்டுச்சுன்னா ரிங்கு எகிறும். எங்க கடை கூரை தகரத்துல ஒரு ஓட்டை இருக்கு, பெரிய தட்டு போற அளவு, இருவது வருசமா அடைக்காம வச்சிருக்கேன், புதுசா வேலைக்கு சேர்ற பசங்களுக்கு மொத நாளு அத காட்டிட்டு தான், காத்து புடிக்கறப்ப டயர உள்ள வைக்கற இரும்பு கூண்ட காட்டுவேன். அன்னிக்கு பையன் டீ வாங்க போயிருந்தான், அவ்ளோதான் சொல்லுவேன்.

ரிக்கு_வண்டி:
மாமா சொல்றது காத்து புடிக்கறவனுக்கு கரெக்ட்டு, ஆனா அதுக்காக நல்ல டிஸ்க்கையெல்லாம் உருக்க குடுக்கறதா? நான் திருச்செங்கோடுங்க, ரிக்கு வண்டி மத்திய பிரதேசம் சத்தீஸ்கர்னு வருசத்துல பத்து மாசம் வெளியூரு தான். போர் போடற எடம் எல்லாம் ரோடா இருக்கு? காட்டுக்குள்ள பொட்டக்காட்டுக்குள்ள போய் நிக்கணும். அங்க ட்யூப்லெஸ்ஸு டிஸ்க்கு விளிம்பு கல்லுல அடிச்சு நெளிஞ்சுச்சுன்னா காத்து நிக்காது, கதை முடிஞ்சுது. ட்யூப்புன்னா நெளிஞ்சா கூட ஊருக்கு வந்து சேரலாம், லிவரும் சுத்தியலும் இருந்தா கிளீனரே கழட்டி மாட்டிருவான். எங்காளுக எல்லாம் இன்னும் ட்யூப்பு தான், ஒவ்வொருத்தரும் ரெண்டு மூணு டிஸ்க்கு கையிருப்பு வச்சிருப்போம். 2,400 எல்லாம் அடிமாட்டு விலை தம்பி. ரிங்கு செட்டோட கம்பெனி டிஸ்க்குன்னா மூவாயிரத்துக்கு கொறையாம எங்க பக்கமே எடுத்துக்குவாங்க.

ஏழா ஏழரையான்னு நீ சொல்லவே இல்லியே?

டாரஸ்_தம்பி:
எது ஏழரைங்ணா, எனக்கு சனி புடிச்சிருக்கான்னா கேக்கறீங்க

ரிக்கு_வண்டி:
😂 அகலம் தம்பி. டிஸ்க்குல குத்திருப்பான் பாரு, 7.00-20 ன்னோ 7.50-20 ன்னோ. 10.00-20 டயருக்கு ஏழரை தான் பொருத்தம், ஏழுலயும் ஓட்டுவாங்க. 9.00-20க்கு ஏழு. ட்ராக்டர் ட்ரெய்லர் கட்டற பட்டறைல கேக்கறது பெரும்பாலும் ஏழு, எங்களுக்கு ஏழரை. ரெண்டையும் கலந்து ஒரே ஆக்சில்ல ஜோடியா மாட்டுனா உள் டயரும் வெளி டயரும் ஒண்ணோட ஒண்ணு உரசும். விலை கேக்கறதுக்கு முன்னாடி இத பாக்கணும்.

முத்துநகர்_ட்ரெய்லர்:
என்ன அண்ணாச்சி இன்னும் ட்யூப்ப கட்டிக்கிட்டு அழுதீக. தூத்துக்குடி ஹார்பர்ல வந்து பாருங்க, கண்டெய்னர் இழுக்கிற ட்ரெய்லர்ல நெறைய ட்யூப்லெஸ் தான். ட்யூப்பு, அதுக்கு அடில போடுற ரப்பர் ஃபிளாப்பு, ரெண்டு ரிங்குன்னு எத்தன சாமான், எத்தன எடை, எத்தன சூடு. ஆம்னி பஸ்ஸெல்லாம் எப்பவோ 295/80 22.5 ட்யூப்லெஸ் டயருக்கு போயாச்சு. இன்னைக்கு 2,400 குடுக்க ஆள் இருக்கு, நாலு வருசம் கழிச்சு சும்மா குடுத்தாலும் எடுக்க ஆளிருக்காது பாத்துக்கிடுங்க. தம்பி அந்த புரோக்கர் போன் நம்பர் இருக்குல்லா, இப்பவே அடிங்க.

எங்கிட்ட அலுமினிய டிஸ்க்கு ஆறு இருக்கு, 22.5, இரும்புல பாதி எடை தான். அத வித்தா பீஸாவும் விலை, உருக்க போட்டாலும் விலை. அதுக்கு பேரு தான் ரீசேல்.

கணக்குப்புள்ள:
ஒருத்தர் கூட புது டிஸ்க்கு விலைய பேசாம பழசுக்கு விலை பேசிட்டு இருக்கீங்க. 2025 செப்டம்பர் 22லேந்து வண்டி பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28லேந்து 18 ஆச்சு, டயருக்கும் அதே. புதுசு அந்தளவுக்கு எறங்குனா பழசு மட்டும் அதே உசரத்துல எப்படி நிக்கும்? புரோக்கர் மட்டமா கேக்கறாருன்னு திட்டறதுக்கு முன்னாடி இத யோசிங்க. ரிக்கு அண்ணன் சொல்ற மூவாயிரம் பழைய வரி காலத்து விலைன்னு தோணுது.

இன்னொன்னு, அந்த ஏழாயிரம் வித்தியாசம்னு சொன்னீங்களே தம்பி, அதுல ரெண்டு நாள் போன் பேசறது, வர்றவனுக்கெல்லாம் மரத்தடில டிஸ்க்க பொரட்டி காட்டறது, ஏத்துகூலி, அப்பறம் "அண்ணே இதுல ஒண்ணு ஆடுது, மாத்தி குடுங்க"ன்னு திரும்ப வர்றது, இதுக்கெல்லாம் கணக்கு யாரு எழுதறது. ஒரு ட்ரிப்பு விட்டீங்கன்னா அந்த ஏழாயிரம் போச்சு.

ரிக்கு_வண்டி:
கணக்குப்புள்ள ஆபீஸ்ல ஃபேனுக்கு கீழ உக்காந்து எழுதறாப்ல. வரி கொறைஞ்சது பில்லு போட்டு புதுசு வாங்கறவனுக்கு. ட்ரெய்லர் பட்டறைக்காரன் இன்னிக்கும் பழசு தான் தேடுவான், ஏன்னா புதுசுல ஒண்ணு வாங்கற காசுக்கு பழசுல ரெண்டு வரும். ஒரு ஆக்சிலுக்கு நாலு வேணும், யோசிச்சு பாருங்க.

கணக்குப்புள்ள:
நான் வேகாத வெயில்ல லாரி ஆபீஸ் கணக்கு எழுதறவன் தான், ஃபேன் ரிப்பேராகி ரெண்டு மாசமாச்சு. விலைய பேசுங்க ஆள பேசாதீங்க.

டாரஸ்_தம்பி:
அண்ணனுங்களா இங்க ஒரு கூத்து ஆயிப்போச்சு. ஏழா ஏழரையான்னு பாக்கலாம்னு கம்பி பிரஷ் போட்டு தேச்சேன். கை ஓட்டைக்கு (டிஸ்க்குல கை விடற பெரிய ஓட்டை) பக்கத்துல சைஸு, கம்பெனி முத்திரை, மாசம் வருசம் எல்லாம் குத்திருக்குது, இத்தன வருச மண்ணும் கிரீஸும் அதுக்கு மேல அப்பி கிடந்துச்சு. 11 டிஸ்க்குல ஏழரை, எல்லாமே 2018 கடைசி, 2019 ஆரம்பம். சரின்னு அடுத்தத தேச்சா 2014ன்னு இருக்குது! இன்னொண்ணு 2012, அது ஏழு. வண்டி புதுசா ஷோரூம்ல இருந்து நானே பூசை போட்டு எடுத்தது, 2012 டிஸ்க்கு எப்படி வந்துச்சு???

முத்துநகர்_ட்ரெய்லர்:
ஹா ஹா ஹா. டிரைவர் ஏதோ ஒரு ஊருல பஞ்சர் கடைல ஸ்டெப்னிய போட்டுட்டு சாப்பிட போயிருப்பான், திரும்பி வந்தா டயர் உங்க டயரு, டிஸ்க்கு வேற யாரோடதோ. எங்க வண்டில ரெண்டு தடவ நடந்திருக்கு. புதுசா பாத்தா மாத்திருவானுவ, டயர் நம்பரத்தான் எல்லாரும் குறிச்சு வைக்கிறோம், டிஸ்க்கு நம்பர எவன் குறிக்கான்.

பஞ்சர்மாமா:
எல்லா கடையும் அப்படி இல்ல. ஆனா நடக்கும், இல்லங்கல.

தம்பி இப்ப புரியுதா, சொந்த வண்டி டிஸ்க்கே சொந்தமான்னு உனக்கு தெரியல, வாங்கறவனுக்கு "ஒரிஜினல் கம்பெனி டிஸ்க்கு, ஒரே ஓனர்"னு என்னன்னு சொல்லுவ. புரோக்கர் அஞ்ச ஒதுக்குனாரே, எந்த அஞ்சு, ஏன்னு கேட்டியா? பின் ஆக்சில் உள் பக்கம் ஓடுன டிஸ்க்க தனியா எடுத்து வை. போல்ட் ஓட்டைய சுண்டு விரல் விட்டு சுத்தி பாரு, முட்டையாட்டம் நீண்டிருந்தா நட்டு லூசா ஓடிருக்குன்னு அர்த்தம். போல்ட் ஓட்டைக்கும் கை ஓட்டைக்கும் நடுவுல தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியுதா பாரு. தெரியலன்னா சுத்தமா தொடச்சு டீசல் தடவி பத்து நிமிசம் விட்டு நல்லா தொடச்சுட்டு சுண்ணாம்பு பவுடர் தூவு, விரிசல் இருந்தா டீசல் உள்ள இருந்து கசிஞ்சு கோடு போட்டு காட்டும். சுத்தியல்ல தட்டுனா கணீர்னு கேக்கணும், மண்பானை மாதிரி சத்தம் வந்தா விக்காம ஒதுக்கி வச்சிரு.

ரிக்கு_வண்டி:
இது சரி. இத நான் ஒத்துக்கறேன். 11ல எத்தன தேறுதுன்னு பாத்துட்டு சொல்லு. சென்னை பாடில அறுபதுகள்லேந்து டிஸ்க்கு செய்யறாங்க, நம்மூரு லாரில நெறைய அங்க செஞ்சது தான் ஓடுது, அந்த இரும்பு அவ்ளோ சீக்கிரம் போகாது. உங்க மாமா பயப்படற மாதிரி எல்லாம் வெடிச்சுட்டு இருந்தா நாங்க யாரும் ஊர் திரும்பிருக்க மாட்டோம்.

டாரஸ்_தம்பி:
மாமா சொன்ன மாதிரி டீசல் சுண்ணாம்பு வச்சு பாத்தேன், ஒரு நாள் பூரா போச்சு, கோழியெல்லாம் வெள்ளையாயிருச்சு. 2018/19 டிஸ்க்கு 11ல 9 சுத்தம். ரெண்டுல கோடு தெரியுது, ஒண்ணுல ரெண்டு இஞ்ச் நீளம். 2014 டிஸ்க்கு பரவால்ல. 2012 டிஸ்க்குல காடி முழுக்க அரிச்சு, நகம் வச்சா பொடியா உதிருது. புரோக்கர் நல்ல டிஸ்க்குலயே ரெண்ட வேண்டாம்னு ஒதுக்கிட்டு, ரெண்டு இஞ்ச் கோடு இருக்கறத எடுத்த எட்டுல சேத்திருக்காருங்க 🤦

கணக்குப்புள்ள:
ஏன்னா அவரு பெயிண்ட்ட பாத்து எடுத்தாரு. உங்க முன் சக்கர டிஸ்க்கு மேல கல்லடி பட்டு பெயிண்ட் போயிருக்கும், பின்னாடி உள்ள இருக்கறது பளபளன்னு இருந்திருக்கும்.

டாரஸ்_தம்பி:
ஆமாங்க அதே தான்!

பாடிகட்டி:
விரிசல் விட்ட டிஸ்க்க வெல்டிங் வச்சு ட்ராக்டர் ட்ரெய்லருக்கு குடுக்கலாம்ல? கரும்பு லோடு இருவது கிலோமீட்டர் வேகத்துல போறதுக்கு என்ன ஆயிர போவுது. எங்க பட்டறை பக்கம் அப்படித்தான் ஓடுது.

பஞ்சர்மாமா:
என்ன ஆயிர போவுதா. கரும்பு ட்ரெய்லர் மில்லுக்கு போறப்ப என்ன லோடு போவுதுன்னு எடை மேடைல நின்னு பாத்திருக்கியா? வெல்டிங் வச்ச எடம் கெட்டியாத்தான் இருக்கும், அதுக்கு பக்கத்துல புதுசா விரியும். டிஸ்க்கு செய்யறவனே வெல்டிங் வைக்காதேன்னு தான் சொல்றான். சுண்டு விரல் போனவன் ரெண்டு பேர் எங்க தெருவுலயே இருக்கான். தம்பி, அந்த விரிசல் ரெண்டையும் அந்த 2012ஐயும் இரும்புக்காரருக்கு குடுக்கறதுக்கு முன்னாடி கேஸ் கட்டர் வச்சு விளிம்புல ஒரு கோடு இழுத்துரு. இல்லன்னா அடுத்த மாசம் அதே டிஸ்க்கு சில்வர் பெயிண்ட்டோட ஏதாவது கடை வாசல்ல நிக்கும். கடைசில காத்து புடிக்க எங்கிட்ட தான் வரும்.

பாடிகட்டி:
மாமா கோவப்படாதீங்க, கேட்டேன் அவ்ளோதான். கட்டிங்குக்கு கேஸ் செலவு யாரு குடுப்பா?

முத்துநகர்_ட்ரெய்லர்:
மூணு டிஸ்க்கு வெட்ட என்ன அண்ணாச்சி செலவு, ஒரு டீ ரெண்டு வடை.

விக்கும்போது ஆர்சி காப்பி ஒண்ணு குடுங்க, வாங்குறவங்க கிட்டயும் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கி வைங்க. ரோட்டோரம் நிப்பாட்டுன வண்டில ஸ்டெப்னி திருடுறவனுவ ஜாஸ்தி, போலீஸ் பழைய இரும்பு கடைல பூந்தா மொதல்ல இது எங்க வாங்குனேன்னு தான் கேப்பான். அந்த 2014 டிஸ்க்க சேத்து விக்காதீக, அது யாரு வீட்டு பொருளோ.

டாரஸ்_தம்பி:
எல்லாத்துக்கும் ரொம்ப தேங்க்ஸுங்க, முடிஞ்சத சொல்லிடறேன். ரிக்கு அண்ணன் சொல்லி விட்ட ஆளு திருச்செங்கோட்ல இருந்து வந்தாரு. 9ம் எடுத்துக்கிட்டாரு, ரிங்கு செட்டோட பீஸ் 2,650. மூவாயிரம்னு ஆரம்பிச்சேன், "புதுசே வரி கொறைஞ்சிருச்சு தம்பி"ன்னு கணக்குப்புள்ள டயலாக்க அப்படியே எடுத்து விட்டாரு, இந்த பதிவ அவரும் படிக்கறாரு போல. 23,850 கைல குடுத்தாரு. அவரே சுத்தியல் கொண்டாந்திருந்தாரு, ஒவ்வொண்ணா தட்டி காதை வச்சு கேட்டுட்டு தான் ஏத்துனாரு. மூணு டிஸ்க்க வெட்டி கிலோவுக்கு போட்டேன், வெட்டுனதுக்கு இரும்புக்காரர் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு 31ன்னவரு 29 தான் குடுத்தாரு, ரிங்கோட 140 கிலோ நின்னுச்சு, 4,060. ஆக மொத்தம் 27,910.

2014 டிஸ்க்கு மட்டும் மரத்தடில இருக்குது. ஸ்டெப்னிய எங்க பஞ்சர் போட்டேன்னு டிரைவர கேட்டா அஞ்சு ஊர் பேரு சொல்றாப்ல. அதுல நேத்து ஒரு கோழி அடை உக்காந்திருச்சு, எங்கம்மா அத நகத்தவே கூடாதுன்னுட்டாங்க.