மேக்னசைட்டில் மேக்னட் ஏன் ஒட்டவில்லை?

கருப்பூர்க்காரன்:
எங்கள் அப்பா சேலத்து மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளைப் புழுதி படிந்திருக்கும். சின்ன வயதில், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அவர் கொண்டுவந்த வெள்ளைக்கல்லில் வைத்துப் பார்த்தேன். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே, ஒட்டும் என்று நினைத்தேன். ஒட்டவே இல்லை. "பேரு வச்சவனத்தான் கேக்கணும்" என்றார் அப்பா. இப்போது என் மகள் அதையே கேட்கிறாள். ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் உள்ள ஊரில் இருந்துகொண்டு, தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

ஓமலூர் டீச்சர்:
இரண்டும் ஒரே ஊர்ப் பெயர்தான் தம்பி. கிரேக்க நாட்டில் தெசாலிப் பக்கம் மக்னீசியா என்று ஓர் இடம். இரும்பை இழுக்கும் கல்லை 'மக்னீசியாக் கல்' என்றார்கள், அதுதான் மேக்னட். மேக்னீசியமும் அந்தப் பெயர்தான், மாங்கனீசு அதன் திரிபு. உங்கள் அப்பா வெட்டியது மேக்னீசியம் கார்பனேட். காந்தம் இழுக்க அதில் ஒன்றும் இல்லை. உண்மையில் தப்பான பெயர், வெள்ளைக்காரர்கள் அந்தக் கல் கிடைக்கும் குன்றுகளுக்கு வைத்த 'சாக் ஹில்ஸ்'. சாக் என்பது கால்சியம் கார்பனேட். வெறும் நிறத்தைப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டும், அதாவது அலுமினியத் தாதுவும், ஊர்ப் பெயர்தான். பிரான்சில் லே போ என்ற ஊர். எழுதும்போது கடைசியில் ஓர் எக்ஸ் வரும், சொல்லும்போது வராது. 1821-ல் பெர்த்தியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அங்கே அந்தக் கனிமத்தைக் கண்டறிந்தார். வாயில் வராத எக்ஸ், பாக்சைட்டில் வந்துவிட்டது.

கருப்பூர்க்காரன்:
ரொம்ப நன்றி டீச்சர். ஆனாலும் மனசுக்குள் ஒரு வருத்தம். கல் நம் மலையில், பெயர் மட்டும் வேறு ஊரா? நம்முடையது ஒன்றுகூட அங்கே போகவில்லையா?

சாணைப்பட்டறை:
போயிருக்கிறது அண்ணா. ஆங்கிலத்தில் சொல்லும் கொரண்டம்! நம் குருந்தம் என்ற சொல்தான் அது. வைரத்துக்கு அடுத்த கடினம், கடினத்தைப் பத்து வரை அளக்கும் மோ அளவில் 9. சிவப்பு ஏறினால் மாணிக்கம், நீலம் ஏறினால் நீலக்கல், இரண்டுமே குருந்தம்தான். முன்பு சேலம் மாவட்டமாக இருந்து, 1997-ல் நாமக்கல்லோடு போன சித்தம்பூண்டியில் அது கிடைக்கிறது. எங்கள் தாத்தா குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணை வார்ப்பார். கடைசிவரை அவர் வாயில் குருந்தம்தான், கொரண்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கருப்பூர்க்காரன்:
மகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். சித்தம்பூண்டிக்கு எப்போது போகலாம் என்கிறாள்.