காத்து நின்னு போச்சு: கோடை இடிமழை அனுபவங்கள்

கோடை இடிமழை எதிரே திரண்டு வந்து, தலைக்கு மேலே கடந்து போனதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்றீர்கள். என் போனில் 14 நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் அதை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். அது இல்லாவிட்டால் நானும் எல்லாரையும் போல "திடீர்னு வந்துருச்சுங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். திடீரென்றெல்லாம் வரவில்லை. சொல்லிவிட்டுத்தான் வந்தது.

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையத்துக்கு வடக்கே. கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். சாளை (தோட்டத்து வீடு) வாசலில் நின்றால் வடக்கே சத்தியமங்கலம் மலை வரிசை முழுசாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்த மலை உச்சியில் மேகம் பொங்கத் தொடங்கும். பால் பொங்குகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே மேலே ஏறும். பெரும்பாலான நாட்களில் அங்கேயே இடித்து, அங்கேயே பெய்து தீர்ந்துவிடும். எங்களுக்கு ராத்திரி மின்னல் மட்டும் மிச்சம்.

அன்றைக்கு அக்னி நட்சத்திரம் பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. வெயில் 104, 105 என்று அடித்துக்கொண்டிருந்த வாரம். காலையிலிருந்தே ஒரே புழுக்கம், பனியன் முதுகை விட்டு அகலவில்லை. மூன்றரை மணிக்கு மலை மேலிருந்த மேகத்தின் உச்சி தட்டையாகிவிட்டது. இனி மேலே போக வழியில்லை என்பது போலப் பக்கவாட்டில் பரந்தது. இந்த மாதிரி மேகங்கள் நம் ஊரில் 15 கிலோமீட்டர் உயரம் வரைகூடப் போகும் என்று பிறகு படித்தேன். எவரெஸ்ட்டே ஒன்பது கிலோமீட்டர்கூட இல்லை. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. பார்க்க அழகாக இருந்தது, போனை எடுத்தேன்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை, வானம்தான். மலையின் பாதி கறுப்பில் மறைந்திருக்கிறது. உள்ளுக்குள்ளேயே மின்னுகிறது, சத்தம் வரவில்லை. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வாழைத்தோப்பு வழியாக மலையைப் பார்த்து வீசுகிறது. இலைகள் எல்லாம் வடக்கே சாய்ந்து ஆடுவது வீடியோவில் நன்றாகத் தெரியும். ஒரு கொக்குக் கூட்டம் எதிர்த்திசையில், மலைப்பக்கமிருந்து தெற்கே, மிகத் தாழ்வாகப் பறந்து போகிறது.

3 நிமிடம் 40 நொடி. ஆத்தா குரல் பின்னாலிருந்து கேட்கும். "காத்து நின்னு போச்சு, கண்ணு. மாட்டை அவுத்து உள்ள கட்டு."

நான் "சரிங்காத்தா" என்கிறேன். போனை இறக்கவில்லை.

இப்போது பார்த்தால் தெரிகிறது, அந்த நொடியிலிருந்து ஒரு இலைகூட அசையவில்லை. மேகம் பசியோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்த தெற்குக் காற்று அறுந்துபோன நேரம் அது. மயில் அகவிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. கட்டுத்தரையில் எருமை தலையைத் தூக்கி வடக்கே பார்க்கிறது. மேகத்தின் முன் விளிம்பு, சுருட்டி வைத்த கோரைப்பாயைக் கிழக்கு மேற்காக வானத்தில் படுக்கப்போட்ட மாதிரி, ஒரே கோடாக வருகிறது. அதற்கு மேலே கருநீலம். அடியில் மயில்கழுத்து நிறம். அந்த நிறத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் வானத்தில் பார்த்ததில்லை. அதனால்தான் போனை இறக்க மனசு வரவில்லை, வேறு சாக்கு எதுவும் இல்லை.

களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருப்பது ஓரத்தில் தெரியும்.

8 நிமிடம் 10 நொடி. முதலில் குளிர்தான் தெரிந்தது. யாரோ ஐஸ்பெட்டியைத் திறந்து முகத்துக்கு நேரே வைத்த மாதிரி. ஈர மண் வாசம், ஆனால் இங்கே ஒரு சொட்டுகூட விழவில்லை. இரண்டு நொடி கழித்து வாய்க்கால் கரையிலிருந்து புழுதி எழுந்து வேலி உயரத்துக்கு ஓடி வந்தது. அதற்கப்புறம் வீடியோவில் இரைச்சல்தான்.

காற்று அடிக்கும்போது வாழை முறிகிற சத்தத்தை நேரில் கேட்டிருக்கிறீர்களா? மரம் முறிகிற மாதிரி "மடார்" என்று இருக்காது. ஈரமான "மளுக்". வாழைத்தண்டு மரமே இல்லையே, மட்டை மேல் மட்டை சுற்றிய சுருள்தானே. அதன் தலையில் பத்துப் பன்னிரண்டு கிலோத் தார் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. ஒன்பதாம் மாதத்து நேந்திரன், முக்கால் விளைச்சல். ஒரு மளுக், இரண்டு மளுக் என்று எண்ணலாம் போலத் தொடங்கி, பிறகு எண்ண முடியாமல் போனது. கட்டுத்தரைத் தகரம் ஒன்று கிளம்பி இரண்டு வரப்பு தாண்டி விழுந்தது. மாடு அதற்குள் அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது. அதை நான் முன்பே உள்ளே கட்டியிருக்க வேண்டும்.

மழை அதற்குப் பிறகுதான் வந்தது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். எங்கள் மரங்களைச் சாய்த்தது மழை இல்லை, மழைக்கு முன்னால் வந்த காய்ந்த காற்று. மலைப்பக்கம் பெய்யும் மழை பாதி வழியிலேயே ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனம், அதனால் பொத்தென்று கீழே இறங்குகிறது. ஒரு குடம் தண்ணீரை வாசலில் கவிழ்த்தால் நாலா பக்கமும் ஓடுமே, அதேபோலத் தரையில் மோதிப் பரவுகிறது. அந்த ஓட்டத்தின் முன்விளிம்புதான் முதலில் நம்மை அடிக்கிறது. காற்றின் வேகம் குறைந்தது 29 கி.மீ. கூடி, மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டி, ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால் வானிலைத் துறைக் கணக்கில் அது சூறைக்காற்று. எங்களுக்கு ஏழெட்டு நிமிடம் நின்றது.

இடி நெருங்கியபோது ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்கும். நான் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒன்பது, ஆறு, நான்கு. அப்புறம் எண்ண இடமே இல்லை, வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை, கொட்டுகிற மழையிலும் உச்சியில் தீப்பந்தம் மாதிரி எரிந்தது. வீடியோ அங்கே முடிகிறது. போனைக் கீழே போட்டுவிட்டேன்.

ஐந்தேகால் மணிக்கு வெயில் அடித்தது! 1,100 மரத்தில் 640 படுத்திருந்தன. சும்மா முன்னூறு அடி தள்ளி இருக்கிற பங்காளி தோட்டத்தில் ஏழு. "கோடை மழை எருமையோட ஒரு கொம்பை நனைச்சு ஒரு கொம்பை விட்டுரும்" என்று ஆத்தா சொல்லும்.

சேதக் கணக்கு எடுக்க ஆள் வர நாலு நாள் ஆனது. அதுவரை விழுந்ததைத் தொடக்கூடாது. 33 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால்தான் நிவாரணக் கணக்கில் வரும் என்பதால் அந்த விஷயத்தில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, தாராளமாகவே போயிருந்தது. மற்றதைப் பேச ஆரம்பித்தால் இது வேறு கதையாகிவிடும்.

3:40க்கும் 8:10க்கும் நடுவே நாலரை நிமிடம். நாலரை நிமிடத்தில் 640 மரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட முடியாது, அது தெரியும். ஆனால் மாட்டைக் கட்டியிருக்கலாம், அப்பாவுக்குத் தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடித்திருக்கலாம்.

* * *

சென்னை, போரூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வாழை இல்லை, மொட்டைமாடியும் போனில் வானிலை ரேடார் படமும் இருக்கிறது.

இங்கே கதை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானத்தின் கீழ், நடு அடுக்குகளில் மேற்குக் காற்று. சித்தூர், வேலூர்ப் பக்கம் மத்தியானம் உருவாகும் இடிமேகத்தை அது கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று வருகிற பாசஞ்சர் ரயில்தான். அதில் பாதி நாள் ஸ்ரீபெரும்புதூரோடு ரயில் ரத்து. மாடியில் காத்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போகிற வருத்தம் இந்த ஊர் மழைப் பைத்தியங்களுக்குத்தான் தெரியும்.

மேலே அந்த அண்ணன் சொன்ன குளிர்காற்றை ரேடாரிலேயே பார்க்கலாம். கனமழையைக் காட்டும் சிவப்புத் திட்டுக்கு முன்னால், மழையே இல்லாத இடத்தில், மெல்லிய நூல் மாதிரி ஒரு கோடு வில்லாக வளைந்து நகரும். ஒரு ஜூலை ராத்திரி அந்தக் கோடு பூந்தமல்லியைத் தாண்டுவதைப் போனில் பார்த்துவிட்டு, மாமியாரிடம் "அத்தை, பத்து நிமிஷத்துல காத்து வரும், துணியை எடுத்துடலாம்" என்றேன். "நட்சத்திரம் தெரியுதேம்மா" என்றார். ஒன்பதாவது நிமிடம் மாடிக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. எதிர்வீட்டு லுங்கி எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல். அன்றையிலிருந்து வடகம் காயப்போடுவதற்கு முன் என்னைக் கேட்கிறார்.

ஆனால் எல்லாமே இப்படிக் கடந்து போய்விடும் என்று நினைக்கவேண்டாம். 2023 ஜூன் 18 ராத்திரி வந்தது கடந்தே போகவில்லை. விடியவிடிய ஒரே இடத்தில் நின்று கொட்டி, மறுநாள் ஜூன் மாதத்தில் மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். முன்விளிம்பு வேகமாக ஓடினால் காற்றுக்குப் பயப்படணும், ஓடாமல் உட்கார்ந்தால் தண்ணீருக்குப் பயப்படணும் என்பது என் கணக்கு.

* * *

நான் லாரி ஓட்டுகிறவன். ஓசூர் – சென்னை ரோடு. வாணியம்பாடி தாண்டியதும் ரோடு திறந்த வெளியாக இருக்கும். லோடு ஏற்றியிருந்தால் இந்தக் காற்று அவ்வளவாக ஒன்றும் செய்யாது, காலி வண்டிதான் அதிக ஆபத்து. காலிக் கன்டெய்னர் பாய்மரம் மாதிரி. எதிரே புழுதிச் சுவர் தெரிந்தால் முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட்கூடத் தெரியாமல் போய்விடும். அது வருவதற்கு முன்பே இடது ஓரம் பார்த்து ஒதுக்கிவிடுவேன். பாலத்தடியில் டூவீலர்கள் கும்பலாக ரோட்டிலேயே நிற்பார்கள், அதைப் பார்த்தால்தான் இடியைவிடப் பயம். புளியமரத்தடியில் நிற்பதும் அப்படித்தான். நம் நாட்டில் மின்னலுக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். தாமினி என்று அரசாங்கச் செயலி இருக்கிறது, 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும். எங்கள் கிளீனர் தம்பிதான் போட்டுக் கொடுத்தான்.

அண்ணே, மயில்கழுத்து நிறம் என்றீர்களே, அப்படி இருந்தால் ஆலங்கட்டி விழும் என்பார்கள். விழுந்ததா?

* * *

விழவில்லைங்க. எங்களுக்கு ஒரு கல்லும் இல்லை. சாயங்கால வெயில் அந்தக் கனத்த மேகத்துக்குள் புகுந்து வந்தாலே அப்படித் தெரியும் என்கிறார்கள், ஆலங்கட்டி கட்டாயம் இல்லையாம்.

ரேடார் நூல் விஷயம் எனக்குப் புதுசு. நன்றி தங்கச்சி. ஆத்தாவிடம் சொன்னேன். "அதுல காத்து நிக்கிறது தெரியுமா?" என்று கேட்டது. தெரியாது என்றேன். அப்படியா என்று வெற்றிலையை மடித்துக்கொண்டது.

வீடியோவைப் போடச் சொல்கிறீர்கள். போடலாம். ஐந்தாவது நிமிடத்தில் அப்பா களத்திலிருந்து "படம் புடிச்சது போதும், இந்தக் கோடியைப் புடிடா" என்று தொடங்கி ஒரு முக்கால் நிமிடம் பேசுவது தெளிவாகக் கேட்கும். படத்தை விட்டுவிட்டு அதை மட்டும் வெட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.