பெர்த் – லண்டன் 14,500 கி.மீ.: எத்தனை மணி நேரம்?

வகுத்தல்கணக்கு:
பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் பெருவட்டத் தூரம் (உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய வழி) சுமார் 14,500 கி.மீ. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. வகுத்தால் 16 மணி 7 நிமிடம். ஏற, இறங்க அரை மணி சேர்த்தால் 16:37. இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

எதிர்க்காற்று:
அட்டவணையைப் பாருங்கள். லண்டன் போக ஏறத்தாழ பதினேழரை மணி, பெர்த் திரும்பப் பதினாறே முக்கால். உங்கள் கணக்கு இரண்டுக்கும் ஒரே விடை சொல்கிறதே, அங்கேதான் இடிக்கிறது. மாக் 0.85-ஐ, அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தை, 11 கி.மீ. உயரத்துக் குளிரில் மாற்றினால் வருவதுதான் அந்த 900. அது காற்றுக்குள் வேகம், தரைக்கு அல்ல. ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர வானத்து வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது; லண்டன் போகும்போது அது எதிரே வரும்.

வகுத்தல்கணக்கு:
போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம். சராசரி மாறாது.

எதிர்க்காற்று:
மாறும். லண்டன்–நியூயார்க் 5,540 கி.மீ.; காற்று மணிக்கு 100 கி.மீ. என்று வையுங்கள். பின்காற்றில் 5:32, எதிர்க்காற்றில் 6:55. கூட்டினால் 12:27. காற்றே இல்லையென்றால் 12:18. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டியிருப்பதால் அந்த 9 நிமிடம் திரும்பி வராது.

அட்சரேகை:
இருவருமே தூரத்தை அப்படியே நம்புகிறீர்கள். இரு ஊர்களின் அட்ச, தீர்க்க ரேகைகளிலிருந்து தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரத்தில் பெர்த்தின் தெற்கு அட்சரேகைக்கு மைனஸ் போட மறந்தால் ஊர் சீனாவுக்குள் போய் உட்காரும். 31°56′ என்பதை 31.56 என்று அடிப்பது இன்னும் மோசம். விடை சரிபோலவே இருக்கும், ஆனால் இடம் 41 கி.மீ. நகர்ந்திருக்கும். ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் 56-ஐ 60-ஆல் வகுத்து 31.933 என்று போட வேண்டும்.

வகுத்தல்கணக்கு:
சரி, தூரம் சரியாக இருந்தால்?

அட்சரேகை:
அந்தப் பாதையில் பறக்க விட வேண்டுமே! 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியபின் ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பதரை மணியிலிருந்து சுமார் 13 மணி ஆனது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ நேர்மாறு: 2016-இல் ஏர் இந்தியா அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் வழிக்கு மாறியது. பாதை நீளம், ஆனால் பின்காற்றால் சீக்கிரம் சேர்ந்தது.

எதிர்க்காற்று:
அதோடு, அட்டவணை நேரம் கேட்டிலிருந்து கேட் வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். உங்கள் அரை மணி அதற்கே பத்தாது.

வகுத்தல்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன், 900-க்குப் பதில் மேற்கே 850 போடுகிறேன். 17:04, அரை மணி சேர்த்தால் 17:34. அட்டவணையோடு ஒட்டுகிறதே!

எதிர்க்காற்று:
விடையைப் பார்த்துவிட்டு வேகத்தை வளைத்தால் ஒட்டாமல் என்ன செய்யும்? சரி, பெர்த்தில் மாலை 7-க்குக் கிளம்பினால் லண்டனில் எத்தனை மணிக்கு இறங்கும், சொல்லுங்கள்.

வகுத்தல்கணக்கு:
லண்டன் கடிகாரம் எட்டு மணி பின்னே, அதனால் விடியற்காலை நாலரை.

அட்சரேகை:
குளிர்காலத்தில் சரி. கோடையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், பெர்த்தில் அந்த வழக்கமே இல்லை. அப்போது ஐந்தரை.