சர்க்கரை கரைந்தால் தண்ணீர் மட்டம் ஏறுமா, ஏறாதா?

திருவாரூர் வாத்தியார்:
துகள்களுக்கு நடுவே இடைவெளி உண்டு என்று காட்ட, தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து "மட்டம் ஏறலை பார்" என்று சொல்வது வழக்கம். போன வாரம் எட்டாம் வகுப்பில் 100 மில்லி தண்ணீருக்கு 50 கிராம் சர்க்கரை போட்டு, பிள்ளைகளையே கலக்கச் சொன்னேன். அளவுசாடியில் 130 பக்கம் நின்றது. "இடைவெளி எங்க சார் போச்சு?" என்றாள் ஒரு பெண். ஒரு ஸ்பூன் போட்டால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி. இத்தனை வருஷம் நானும் "ஏறலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மன்னார்குடி ட்யூஷன்:
இதற்குத்தான் நான் செய்முறைப் பக்கமே போவதில்லை சார். முன்னே ஒரு தடவை கோலிக்குண்டுக்கு நடுவில் கடுகைக் கொட்டிக் காட்டினேன். "துகளுக்கு நடுவுல காத்து இருக்கு" என்று பரீட்சையில் எழுதி வைத்தான் பையன். அந்தக் காற்றும் துகள்தானே, அதற்கு நடுவில் என்னடா என்றால் முழிக்கிறான். கரும்பலகையில் படம் போட்டு, நடுவில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

குடந்தைக்காரன்:
படம் பரீட்சை வரைக்கும்தான் தாங்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லுங்கள். பாதி வரை உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். தண்ணீரை இழுத்து அழுத்தினால் விரல்தான் வலிக்கும்.

மன்னார்குடி ட்யூஷன்:
பஞ்சும்தான் அமுங்கும். துகள் எங்கே தெரிந்தது? 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வந்த நுண்பொடி தண்ணீரில் ஓயாமல் ஆடுவதைப் பார்த்தார். ஏன் என்று கணக்குப் போட்டுச் சொல்ல 1905இல் ஐன்ஸ்டைன் வர வேண்டியிருந்தது. நம்ம பையன் சிரிஞ்சைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவானா?

வேதாரண்யம் அக்கா:
தம்பிகளா, எங்க ஊர் உப்பளத்துக்கு மகளைக் கூட்டிப்போனேன். பாத்தி ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி கொதிக்கவே இல்லையேம்மா, எப்படி ஆவியாச்சு?" என்றாள். மேல்பரப்பில் வேகமாக ஓடும் துகள் தப்பித்துப் போகும் என்று மணலில் புள்ளி வைத்துத்தான் சொன்னேன். படம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள்.

திருவாரூர் வாத்தியார்:
அப்புறம் வீட்டில் கணக்குப் போட்டேன். சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி மில்லிக்கு 1.59 கிராம். அப்படியென்றால் 50 கிராமுக்கு 31 மில்லிக்குக் கொஞ்சம் மேல். மட்டமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஏறியது. ஆக, எதுவும் இடுக்கில் போய் ஒளியவில்லை. இன்று 50 மில்லி தண்ணீரில் 50 மில்லி ஸ்பிரிட் ஊற்றினோம். 100 வரவில்லை, 97 பக்கம் நின்றது. அதே பெண், "ஸ்பிரிட் ஆவியாயிருக்கும் சார்" என்றாள். மூடியை இறுக்கி இன்னொரு தடவை செய்தோம்.

மன்னார்குடி ட்யூஷன்:
மூடி போட்டும் எவ்வளவு வந்தது?

திருவாரூர் வாத்தியார்:
அதே 97. ஆவியாகலை, இடைவெளியில்தான் போயிருக்கு.

மன்னார்குடி ட்யூஷன்:
சரி, ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன். கோலிக்குண்டை மட்டும் இனி எடுக்க மாட்டேன்.