அவிஞ்ஞோன்: ஒரு மாத மேடைகளுக்கு இவ்வளவு கொண்டாட்டம் தேவையா?

கூத்துக்காரன்:
தென் பிரான்ஸில் ஜூலைதோறும் நடக்கும் அவிஞ்ஞோன் நாடக விழாவைப் பற்றி யார் எழுதினாலும் போப்பரசர் அரண்மனை முற்றத்தைச் சொல்லி உருகித் தீர்க்கிறார்கள். எனக்கு அது நாடகம் பார்க்க ஏற்ற இடமாகவே படவில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர், எதிரே ஏறக்குறைய 2000 இருக்கைகள், கடைசி வரிசைக்காரனுக்கு நடிகரின் முகமே தெரியாது, மிஸ்த்ரால் காற்று கிளம்பிவிட்டால் வசனம் ஒரு பக்கம் போகும், உடுப்பு ஒரு பக்கம் பறக்கும். ஜூலையில் அங்கே இருட்டவே நேரமாகும் என்பதால் தொடங்குவதும் இரவு பத்து மணி வாக்கில்தான். வருடாவருடம் இருக்கைகளை ஏற்றி இறக்கும் செலவை, ஊரில் ஆண்டு முழுக்க இயங்கும் அரங்குகளுக்குக் கொடுத்தால் என்ன?

ரோன்கரை:
நீங்கள் சொல்வதை 1947இலேயே, இந்த விழாவைத் தொடங்கிய இயக்குநர் ழான் விலார் சொல்லிவிட்டார், கூத்துக்காரரே. அரண்மனையில் நடந்த ஓவியக் கண்காட்சியை ஒட்டி ஒரு நாடகம் போடக் கூப்பிட்டபோது, முற்றம் மிகப் பெரியது, வடிவமில்லாதது என்று முதலில் மறுத்தவர் அவர். அப்புறம் மனம் மாறி அங்கேயே ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ போட்டார். அந்தச் சுவருக்கு முன்னால் எந்த அட்டைக் காட்சியமைப்பும் எடுபடாது என்பதால் வெறும் மேடை, உடை, ஒளி, எக்காள ஒலி என்று சுருக்கிக்கொண்டார். 1951இல் நடிகர் ழெரார் ஃபிலிப் அங்கே ‘லெ சித்’ நாடகத்தில் நடித்தது இந்தப் பாணியில்தான். முற்றம் கொடுத்த தொல்லையில் பிறந்த பாணி அது, வசதியான அரங்கில் அது வந்திருக்குமா?

கூத்துக்காரன்:
அதெல்லாம் விலார் காலத்துக் கதை. இப்போது நடிகர் காதோரம் மைக், பின்னால் வீட்டளவு திரையில் நேரடிக் காணொளி. சுவரைத் திரை போட்டு மறைக்கிறவர்களுக்குச் சுவர் எதற்கு?

ரோன்கரை:
அது இயக்குநரின் கோளாறு, இடத்தின் கோளாறு அல்ல. செலெஸ்தின் மடத்து முற்றத்துக்கு வாருங்கள். மேடைப் பகுதியிலேயே இரண்டு பெரிய பிளேன் மரங்கள் நிற்கின்றன. வெட்டவும் முடியாது, நகர்த்தவும் முடியாது, அங்கே நாடகம் போடுபவர் அவற்றையும் சேர்த்துத்தான் யோசித்தாக வேண்டும். ஊருக்கு வெளியே பூல்போன் கல்குவாரியில் 1985இல் இயக்குநர் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒன்பது மணி நேரம் போட்டார், விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு முடிவில் பாறை மேல் வெளிச்சம் வந்தது. நம் ஊர்த் தெருக்கூத்தும் விடியும்வரை நடப்பதுதானே, உங்களுக்கு இது புரியாமலா இருக்கும்?

மாடிப்படி:
இரண்டு பேரும் அரசு மானியம் வாங்கும் விழாவைப் பற்றியே பேசுகிறீர்கள். பெரும்பாலான நாடகங்கள் நடப்பது ‘ஆஃப்’இல், அதாவது அழைப்பில்லாமல் குழுக்கள் தாமாகவே வந்து போடும் பக்கவிழாவில். 1966இல் நாடகக்காரர் ஆந்த்ரே பெனெதெத்தோ அழைப்புக்குக் காத்திராமல் தன் கார்ம் அரங்கில் தனியாக நாடகம் போட்டதில் தொடங்கியது, இன்று ஒரு ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள். தேவாலயம், பள்ளிக்கூட அறை, கராஜ் எல்லாம் அரங்கு. காலையிலிருந்து நள்ளிரவு வரை ஒரே அறையில் வரிசையாகப் பல குழுக்கள், ஒருவர் பொருட்களை அள்ளும்போதே அடுத்தவர் விளக்கைத் திருப்பிக்கொண்டிருப்பார். வாடகை, தங்குமிடம், சுவரொட்டி எல்லாம் குழுவின் தலையில். நாடகம் வாங்க வரும் அரங்க நிர்வாகிகளில் நாலு பேராவது உள்ளே வரமாட்டார்களா என்று நடிகர்களே உடுப்போடு தெருவில் துண்டறிக்கை கொடுக்கிறார்கள். அவிஞ்ஞோன் மேடைகளைப் பற்றிப் பேசுவதென்றால் முதலில் இந்த வாடகையைப் பேசுங்கள்.

வெயிலான்:
மாடிப்படி அக்கா சொல்வது சரி, ஆனால் கூத்துக்காரர் கேட்டதையும் தள்ளிவிட முடியாது. ஆகஸ்டில் போய்ப் பாருங்கள், அந்த வாடகை அறைகளில் பல பூட்டிக் கிடக்கும். ஆண்டு முழுக்க இயங்குபவை சில அரங்குகளும் ஓப்பரா மாளிகையும்தான். பழைய தேவாலயத்தில் இருக்கும் ஷேன் நுவார் அப்படி ஒன்று. ஓப்பராவைப் பல ஆண்டு புதுப்பித்து 2021இல் திறந்தார்கள்.

ரோன்கரை:
நகரக் கோட்டைச் சுவருக்கு வெளியே 2013இல் லா ஃபாப்ரிக்கா என்ற அரங்கைக் கட்டியிருக்கிறார்களே, 600 இருக்கை. முற்றத்து மேடை அளவுக்கே மேடை, அங்கே போடப்போகும் நாடகத்தை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க. நடிகர்கள் தங்கவும் இடம் உண்டு. கூத்துக்காரர் கேட்ட நிரந்தரக் கட்டடம் இதுதான்.

கூத்துக்காரன்:
முற்றத்துக்கு ஒத்திகை பார்க்கக் கட்டியதை என் கேள்விக்கு விடையாகக் காட்டுகிறீர்கள்! 2003இல் கலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அரசு விழா ரத்து, 2020இல் கொரோனாவால் ரத்து. ஓட்டலும் உணவகமும் எவ்வளவு தவித்தன என்று அப்போது தெரிந்தது. ஒரு மாதத்தை நம்பி ஓர் ஊர் இப்படி இருக்கலாமா?

மாடிப்படி:
அப்படியானால் ஜூலையில் வாடகை வாங்குகிற ஒவ்வொரு அறையும் குளிர்காலத்தில் சில வாரமாவது உள்ளூர்க் குழுக்களுக்கு ஒத்திகைக்குத் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லலாம். முற்றத்தை மூடச் சொல்வதைவிட இது நடக்கிற காரியம்.

கூத்துக்காரன்:
போடலாம். ஜனவரியில் அந்தக் கராஜைச் சூடாக்கும் பில்லை யார் கட்டுவது, அதையும் சொல்லிவிடுங்கள்.

மாடிப்படி:
ஜூலை வாடகையில் பாதியை எடுத்தால் இரண்டு குளிர்காலத்துக்கு வரும்.