கேஸ் கட்டைப் புரட்டியவர்கள்: இந்த வார இறுதிக்கு

19 வருடமாக வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். அதனாலோ என்னவோ, குற்ற வழக்கு பாட்காஸ்ட் என்றால் இசையைக் கூட்டிப் பயமுறுத்துவது எனக்கு ஒட்டுவதில்லை. கேஸ் கட்டை உட்கார்ந்து புரட்டினார்களா என்றுதான் பார்ப்பேன்.

அப்படி என்னைப் பிடித்துக்கொண்டது 'இன் தி டார்க்' இரண்டாம் சீசன். அமெரிக்காவின் மிசிசிப்பியில் வினோனா என்ற சிற்றூர். 1996இல் அங்கே ஒரு ஃபர்னிச்சர் கடையில் 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவர் கைதானார். அதே அரசு வழக்கறிஞர் அவரை 6 முறை கூண்டில் நிறுத்தினார். முதல் மூன்று தீர்ப்புகள் மேல்முறையீட்டில் அடிபட்டன, அடுத்த இரண்டில் ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் குழு, ஒத்துப்போகவில்லை, ஆறாவதில் மறுபடி மரண தண்டனை.

பாட்காஸ்ட்டை நடத்திய மேடலின் பாரன் குழுவினர் அந்தப் பக்கமே குடிபோய், அந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் 1992 முதலான வழக்குகளின் ஜூரித் தேர்வை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். அந்த அலுவலகம் வெள்ளையரை நீக்கியதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான விகிதத்தில் கறுப்பினத்தவரை ஜூரித் தேர்விலிருந்து நீக்கியிருந்தது. நம் ஊரில் ஜூரி கிடையாது என்பதால் அந்த எபிசோடை நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

அப்புறம் இந்த வழக்கில் வந்த 2019 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். ஆறாவது விசாரணையில் நீக்கப்பட்ட 5 கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்டது 145 கேள்விகள். ஜூரியில் உட்கார்ந்த 11 வெள்ளையரிடம் கேட்டது மொத்தமே 12. அந்த வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தண்டனை ரத்தாகி, 2020இல் வழக்கும் கைவிடப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 23 வருடம் சிறையில் போய்விட்டது.

நீங்கள் கேட்டதையும் சொல்லுங்கள்.

*

அண்ணா, நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வரும் பஸ்ஸில்தான் 'சீரியல்' முதல் சீசனைக் கேட்டேன். 1999இல் பால்டிமோரில் கொல்லப்பட்ட பள்ளி மாணவி ஹே மின் லீயின் வழக்கு. 12 எபிசோடும் கேட்டு முடித்தபோது, தண்டனை பெற்ற அத்னான் சையதின் குரல் எனக்கு அத்துப்படி. அந்தப் பெண்ணின் வீட்டார் குரல் ஒன்றுகூட இல்லை, அவர்கள் பேச முன்வரவில்லை. அன்று அது எனக்கு உறைக்கவே இல்லை, இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

2022இல் தண்டனை ரத்தானது. அந்த விசாரணைக்கு நேரில் வரப் போதிய அவகாசம் தரவில்லை என்று அவளுடைய சகோதரர் மேல்முறையீடு செய்தார், தண்டனை திரும்ப நிலைநிறுத்தப்பட்டது. 2025இல் சிறையில் இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. சீசனைக் கேட்பவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

சிட்னியில் இருக்கிறேன். இங்கே 2018இல் எல்லார் வாயிலும் 'தி டீச்சர்ஸ் பெட்'தான். 1982இல் காணாமல் போன லினெட் டாசன், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். 2022இல் கணவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. விசாரணையைப் பாதிக்கும் என்று இடையில் அந்த பாட்காஸ்ட்டையே ஆஸ்திரேலியாவில் கேட்க முடியாதபடி நீக்கி வைத்திருந்தார்கள். ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும்தான் வழக்கைக் கேட்டார். பாட்காஸ்ட் உதவியதா, உபத்திரவமா என்று ஆபீசில் ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். இரண்டும்தான் என்பேன்.

*

தங்கச்சி சொன்னது சரி, ஹே மின் லீயின் சகோதரர் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை.

பார்க்க ஒன்றே ஒன்று சொல்கிறேன்: 1988இல் வந்த ஆவணப்படம் 'தி தின் ப்ளூ லைன்'. 1976இல் டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் சுடப்பட்ட வழக்கு. படம் வந்த மறு வருடமே, அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த ராண்டல் ஆடம்ஸ் சிறையிலிருந்து வெளியே வந்தார். கடைசிக் காட்சியில் திரையில் ஆளே இல்லை. ஒரு டேப் ரெக்கார்டர் மட்டும் ஓடுகிறது. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவனின் குரல் அதிலிருந்து வருகிறது, ஆடம்ஸ் நிரபராதி என்று. ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள்.